கெட்ட செய்தி எத்தனை நாளில் வந்து சேரும்?

அந்த மேம்பாலப் பணியில் சோதனைக்கூடம் மேலாளர் அறையிலிருந்து 40 மீட்டர் தள்ளி இருந்தது. நடுவில் ஒரு வேப்பமரம், அதன் கீழே தண்ணீர் டிரம், ஓடாத ஜெனரேட்டர் ஒன்று. நடந்தால் ஒரு நிமிடம்கூட ஆகாது. அந்த 40 மீட்டரைக் கடக்க ஒரு செய்திக்கு 21 நாள் ஆனது. ஆக்கியவன் நான்தான்.

அப்போது எனக்கு 26 வயது. தரக்கட்டுப்பாட்டுப் பொறியாளர் வேலை. எம்35 கான்கிரீட்டில் தூண்கள் ஏறிக்கொண்டிருந்தன. 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 35 நியூட்டன் தாங்க வேண்டிய கான்கிரீட் அது. ஏழாம் நாள் அதில் மூன்றில் இரண்டு பங்காவது வந்துவிட வேண்டும். ஒரு மழை நாளில் போட்ட கான்கிரீட்டின் கியூப்களை ஏழாம் நாள் உடைத்தபோது 17 வந்தது. மூன்று கியூபுக்கும் ஏறக்குறைய அதே எண்தான். நோட்டில் பென்சிலால் எழுதினேன். பேனாவை எடுக்கக் கை வரவில்லை.

ஏன் உடனே போய்ச் சொல்லவில்லை? அதற்கு முந்தைய திங்கட்கிழமைக் கூட்டத்தில், ஷட்டரிங் தட்டு போதவில்லை என்று சொன்ன ஒருவரை மேலாளர் எல்லார் முன்னாலும் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்கியிருந்தார். "பிரச்சினையைத் தூக்கிக்கிட்டு என் ரூமுக்கு வராதே. தீர்வோட வா" என்றார். என்னிடம் தீர்வு இல்லை. 28ஆம் நாள் எப்படியும் ஏறிவிடும் என்று குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு இருந்துவிட்டேன். 28ஆம் நாள் 27 வந்தது. அதற்குள் அந்தக் கான்கிரீட் போட்ட மூன்று தூண்களின் மேலும் அடுத்தடுத்த கட்டக் கான்கிரீட் ஏறியிருந்தது. ஒன்றின் தலையில் பியர் கேப்புக்குக் கம்பிகூடக் கட்டியாகிவிட்டது.

பிறகு தூணைத் துளைத்துக் கோர் எடுத்துச் சோதித்தோம். கோர்களின் சராசரி, குறித்த வலிமையில் 85 சதவீதமாவது இருக்க வேண்டும். தனியொரு கோர் 75 சதவீதத்துக்குக் கீழே போகக் கூடாது. இரண்டு தூண்கள் தப்பின. மூன்றாவதைச் சுற்றிப் புதிதாகக் கம்பி கட்டி ஜாக்கெட் போட்டோம். காரணம் அற்பமானது: மழையில் நனைந்த மணலின் ஈரத்தைக் கழிக்காமல் கலவை ஆலையில் வழக்கமான அளவுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள். ஏழாம் நாளே தெரிந்திருந்தால் மேலே ஏற்றுவதை நிறுத்திவைத்திருப்போம். ஒரு கட்டத்தோடு போயிருக்கும்.

பெரிய பணிகளில் சிறந்த திட்ட மேலாளர் யார் என்று என்னிடம் கேட்பவர்கள், அட்டவணை போடும் திறமை, பேச்சுத் திறமை, ஒப்பந்த அறிவு என்றெல்லாம் பதிலை எதிர்பார்ப்பார்கள். அவை வேண்டியவைதான், இந்த நூலின் மற்ற அத்தியாயங்களில் அவற்றுக்கு இடம் இருக்கிறது. ஆனால் ஒருவரை எடைபோட நான் பார்ப்பது வேறு. அவருடைய தளத்தில் ஒன்று கெட்டுப்போனால் அது அவர் காதுக்கு வர எத்தனை நாள் ஆகிறது? ஒரு நாள் என்றால் அவர் தேறுவார். மூன்று வாரம் என்றால், அவர் எந்தக் கல்லூரியில் படித்திருந்தாலும் அந்தப் பணி தவிக்கும். தளம் பெரிதாகப் பெரிதாகச் செய்தி நடக்க வேண்டிய தூரமும் கூடுகிறது. கொத்தனார், மேஸ்திரி, துணை ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர், தளப் பொறியாளர், பிரிவுத் தலைவர், துணை மேலாளர் என்று ஒவ்வொரு படியிலும் ஒருவர் அதைக் கொஞ்சம் வழவழப்பாக்கி மேலே அனுப்புகிறார். உச்சிக்கு வரும்போது அது நல்ல செய்தியாகவே மாறியிருக்கும்.

பெர்லினில் நடந்ததைப் பாருங்கள். பிராண்டன்பர்க் விமான நிலையத்தின் கட்டுமானம் 2006இல் தொடங்கியது. 2012 ஜூன் 3 திறப்பு நாள் என்று ஊருக்கெல்லாம் அறிவித்தாயிற்று. பழைய விமான நிலையத்திலிருந்து ஒரே இரவில் சாமான்களை மாற்றத் திட்டம் தயார். மே 8ஆம் தேதி, திறப்புக்கு நான்கு வாரம்கூட இல்லாதபோது, திறப்பு இல்லை என்றார்கள். தீ விபத்தில் புகையை வெளியேற்றும் அமைப்பு வேலை செய்யவில்லை. கதவுகளும் புகைபோக்கிகளும் தாமாக இயங்காத இடங்களில் ஆட்களை நிறுத்திக் கையால் திறக்கவைப்பது என்ற யோசனைகூட அதற்குமுன் ஓடியது. அனுமதி தரும் அதிகாரிகள் அதை ஏற்கவில்லை. நிலையம் கடைசியில் திறந்தது 2020 அக்டோபர் 31 அன்று.

அந்தப் புகை அமைப்பு மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை திடீரென்று கெட்டுவிடவில்லை. கேபிள் இழுத்தவருக்கும், சென்சார் பொருத்தியவருக்கும், சோதித்துப் பார்த்தவருக்கும் மாதக்கணக்கில் தெரிந்திருக்கும். எல்லாவற்றையும் ஒரே தலைமை ஒப்பந்தக்காரரிடம் விடாமல் பல துண்டுகளாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். துண்டுக்குத் துண்டு ஆள் இருந்தார். துண்டுகள் சேரும் இடத்துக்கு வலுவான ஆள் இல்லை. ஜெர்மானியர்கள் வேலையில் கறார் என்று நம் ஊரில் ஒரு நம்பிக்கை உண்டு. செய்தி மறையும் விஷயத்தில் எந்த நாட்டுக்கும் விதிவிலக்கு இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒரு காட்சி நம் கடலோரத்திலேயே இருக்கிறது. 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ஒரு ரயிலையே கடல் கொண்டுபோனது. 1914இல் திறந்த பாம்பன் பாலத்துக்கு 145 கண்கள். அவற்றில் 120க்கும் மேற்பட்டவற்றின் இரும்பு கர்டர்களைக் கடல் பிடுங்கிப் போட்டுவிட்டது. கப்பல் போவதற்காகத் தூக்கித் திறக்கும் நடுக்கண் தப்பி நின்றது. பாலத்தைச் சீராக்க ரயில்வே ஆறு மாதம் குறித்தது. தெற்கு ரயில்வேயின் தலைமை அதை மூன்றாகக் குறைத்தது. பொறுப்பை ஏற்றவர் 32 வயது இ.ஸ்ரீதரன். 46 நாளில் ரயில் ஓடியது.

இந்த 46 என்ற எண்ணைத்தான் எல்லாரும் சொல்கிறார்கள், மேடைகளில் அதற்குக் கைதட்டலும் விழுகிறது. எனக்கு முக்கியமாகப் படுவது தொடக்க நாட்கள். புதிய கர்டர்களைச் செய்ய மாதக்கணக்கில் ஆகும். நாட்டின் மற்ற மூலைகளில் ரயில்வே கையிருப்பில் இருந்த கர்டர்களைக் கொண்டுவரலாம். அதற்கும் நாள் பிடிக்கும், எண்ணிக்கையும் போதாது. அந்த வேளையில் மீனவர்களிடமிருந்து ஒரு செய்தி வந்தது: விழுந்த கர்டர்கள் அடித்துப் போகவில்லை, கடலடியில் கிடக்கின்றன. ஸ்ரீதரன் அதை நம்பிப் போய்ப் பார்த்தார். தூக்குவதற்கான சாதனத்தைத் தளத்திலேயே வடிவமைத்தார்கள். கிடந்த இரும்பு ஒவ்வொன்றாக எழுந்து பழைய தூண்களின் மேல் உட்கார்ந்தது.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். செய்தியைக் கொண்டுவந்தவர்கள் ரயில்வேயின் சம்பளப் பட்டியலில் இல்லாதவர்கள். அவர்களுக்கும் பொறியாளருக்கும் நடுவே படிகளும் இல்லை. அந்தச் செய்தி சென்னைக்குப் போய், கோப்பில் ஏறி, கையெழுத்து வாங்கித் திரும்பியிருந்தால் 46 நாளும் அதிலேயே கழிந்திருக்கும். கரையில் நிற்கும் ஆளிடம்தான் கரையில் இருப்பவர்கள் பேசுவார்கள்.

தளத்தில் நடங்கள் என்று எல்லாப் புத்தகங்களும் சொல்கின்றன. நடக்கத்தான் செய்கிறார்கள், பளபளக்கும் ஹெல்மெட்டோடு பத்துப் பேர் பின்தொடர நடக்கிறார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்த்ததும் தளம் வாயை மூடிக்கொள்ளும். தனியாகப் போங்கள். காலை ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போங்கள். மேஸ்திரிகளிடம் பேசுவதற்கு முன் சர்வேயரிடம் பேசுங்கள். அச்சு நகர்ந்ததும் மட்டம் தாழ்ந்ததும் முதலில் தெரிவது அவருக்குத்தான், அவரிடம் யாரும் கேட்பதில்லை. ஸ்டோர் பொறுப்பாளரைப் பாருங்கள். போன மாதம் வரவேண்டிய போல்ட் வரவில்லை என்பது அவருக்குத் தெரியும். கலவை ஆலையை ஓட்டுபவர், கேட்டில் வண்டி எண்ணை எழுதும் காவலாளி, பைலிங் ரிக் ஓட்டுநர், இவர்கள்தான் தளத்தின் நாடி. டீக்கடை இருந்தால் இன்னும் நல்லது.

தொழிலாளர் குடியிருப்புக்கு வாரம் ஒரு முறை மாலையில் போய்விட்டு வாருங்கள். வருகைப் பதிவேட்டில் 300 பேர் என்று இருக்கும். அங்கே எரியும் அடுப்புகளை எண்ணினால் உண்மைக் கணக்கு தெரிந்துவிடும். துணை ஒப்பந்தக்காரர் கூலி பாக்கி வைத்தால் ஆட்கள் சண்டை போட மாட்டார்கள், சொல்லாமல் ரயிலேறிவிடுவார்கள். ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், வங்காளம் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள் தமிழ்நாட்டுத் தளங்களில் வேலை செய்கிறார்கள். கெட்ட செய்தி ஒடியாவில் பிறந்து, உடைந்த இந்தியில் நடந்து, தமிழில் பாதியாகி, ஆங்கில அறிக்கையில் காணாமல் போகும். அவர்கள் மொழியில் நாலு வார்த்தை தெரிந்த ஒருவரை உங்கள் அலுவலகத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்பந்தக்காரரின் ஆளை மொழிபெயர்க்கச் சொல்வது வீண்.

இனி, கேட்கும் முறை. வழக்கமான உரையாடல் இப்படி இருக்கும்.

"பதினாலாம் நம்பர் பைல் கேப் எத்தனை சதவீதம்?"

"எண்பது சார்."

அடுத்த வாரம்: "எண்பத்தஞ்சு சார்." அதற்கடுத்த வாரம்: "கிட்டத்தட்ட முடிஞ்சுது சார், தொண்ணூறு."

சதவீதம் கேட்டால் சதவீதம் கிடைக்கும். அது வாரத்துக்கு ஐந்தாக ஏறும், ஏறாவிட்டால் திட்டு விழும் என்று சொல்பவருக்குத் தெரியும். கேள்வியை மாற்றிப் பாருங்கள்.

"தம்பி, பதினாலுல எதுக்காகக் காத்துக்கிட்டிருக்கோம்?"

"மின்வாரியம் கேபிளை மாத்தணும் சார். லெட்டர் போன மாசமே போயிடுச்சு."

"இப்ப அது யார் டேபிள்ல இருக்கு?"

"அது... தெரியல சார்."

இந்தத் 'தெரியல' கிடைத்துவிட்டால் அன்றைய நடைக்குக் கூலி கிடைத்துவிட்டது. கேபிளை மாற்றவைப்பது அந்தத் தம்பியால் ஆகிற காரியமில்லை. அதற்கு நீங்கள்தான் போக வேண்டும். போகும் வேலைக்குத்தான் உங்களுக்குச் சம்பளம்.

இதையே ஒழுங்காகச் செய்ய ஒரு முறை இருக்கிறது. அடுத்த ஆறு வாரத்தில் தொடங்க வேண்டிய ஒவ்வொரு வேலையையும் எடுத்து, ஆறு பொருத்தம் பாருங்கள்: இறுதி டிராயிங் வந்ததா, பொருள் வந்ததா, ஆள் இருக்கிறதா, இயந்திரம் இருக்கிறதா, அனுமதி கிடைத்ததா, இதற்கு முந்தைய வேலை முடிந்ததா. ஒன்று பொருந்தாவிட்டாலும் அந்த வேலையை வாரத் திட்டத்தில் எழுதக் கூடாது. பொருந்தாத ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு ஆள் பெயர், ஒரு தேதி. கிளென் பல்லார்டும் கிரெகரி ஹோவெலும் 1990களில் அமெரிக்காவில் வளர்த்தெடுத்த முறை இதன் முழு வடிவம். கட்டுமானத் தளங்களில் அந்த வாரம் முடிப்போம் என்று சொன்ன வேலைகளில் எத்தனை உண்மையில் முடிந்தன என்று அவர்கள் எண்ணிப் பார்த்தார்கள். பாதியை ஒட்டித்தான் வந்தது. நம் தளங்களில் எண்ணிப் பார்க்க எனக்கு முதலில் தைரியம் வரவில்லை. எண்ணியபோது பாதிகூட வரவில்லை. ஒரு எச்சரிக்கை: இந்த எண்ணைக் காட்டி யாரையும் திட்டினால், அடுத்த வாரமே அது 95 ஆகிவிடும். தளம் அப்படியே இருக்கும்.

கெட்ட செய்தி வரும்வரை காத்திருப்பது ஒன்று. அதை முன்கூட்டியே வெளியே இழுப்பது இன்னொன்று. லண்டன் ஹீத்ரோவின் ஐந்தாம் முனையம் இதற்கு நல்ல பாடம். மொத்தச் செலவு 430 கோடி பவுண்டு. அதன் கூரை 150 மீட்டருக்கும் மேல் அகலமான ஒரே வளைவு. அதன் ஒரு பகுதியை முதலில் வடக்கு இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில், விமானமும் இல்லாத நெரிசலும் இல்லாத இடத்தில், கட்டிப் பார்த்தார்கள். எது பொருந்தவில்லை, எந்தக் கருவி எட்டவில்லை, எந்த வரிசை தப்பு என்பதெல்லாம் அங்கேயே வெளிவந்தன. ஹீத்ரோவில் அதே தவறுகள் வந்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஓடுபாதைக்குப் பக்கத்தில் கிரேனை நிறுத்திவைத்துக்கொண்டு விழித்திருப்பார்கள். நீங்கள் மருத்துவமனை கட்டினால் ஒரு நோயாளி அறையை, ஒரே ஓர் அறையை, கட்டடம் எழும்பும் முன்பே கழிப்பறைக் குழாய், ஏ.சி., கதவு வரை முழுதாக முடித்துப் பாருங்கள். அந்த அறைக்கு ஆகும் செலவைக் கணக்குப் பிரிவு வீண் என்று சொல்லும். சொல்லட்டும்.

ஐந்தாம் முனையத்தில் இன்னொரு ஏற்பாடும் இருந்தது. வழக்கமாக ஆபத்தை எல்லாம் ஒப்பந்தக்காரர் தலையில் கட்டுவோம். அங்கே உரிமையாளரான விமான நிலைய நிறுவனம், பி.ஏ.ஏ., அதைத் தானே ஏற்றது. செலவைக் கொடுத்து அதன்மேல் லாபத்தையும் கொடுத்தது. அதனால் தவறை மறைப்பதில் யாருக்கும் காசு இல்லை. நம்மில் பெரும்பாலோர் நிர்ணய விலை ஒப்பந்தத்தில் வேலை செய்கிறோம். அங்கே மறைப்பதில் காசு இருக்கிறது என்பதை மறக்காமல் செய்திகளைக் கேட்க வேண்டும். ஒப்பந்தக்காரரின் சூப்பர்வைசர் பொய் சொன்னால் அவர் குணத்தைக் குறை சொல்வதற்கு முன் அவருடைய பில் எத்தனை மாதமாக உங்கள் மேஜையில் கிடக்கிறது என்று பாருங்கள்.

இத்தனை நன்றாகக் கட்டிய முனையம் 2008 மார்ச் 27 அன்று திறந்தபோது நாறிப்போனது. ஊழியர்களுக்கு வண்டி நிறுத்த இடம் தெரியவில்லை, பாதுகாப்புச் சோதனையைத் தாண்டி உள்ளே வர நேரமானது, பெட்டி ஏற்றும் அமைப்பு திணறி நின்றது. முதல் சில நாட்களில் நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, பெட்டிகள் மலையாகக் குவிந்தன. கட்டுமானம் தாமதித்ததால் ஒத்திகைகளைக் குறைத்துக்கொண்டோம் என்று பிரிட்டிஷ் ஏர்வேஸின் தலைவர் வில்லி வால்ஷ் பின்னர் நாடாளுமன்றக் குழுவிடம் ஒப்புக்கொண்டார். அதாவது செய்தி வந்திருந்தது. தேதி அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. கட்டி முடித்தால் வேலை முடிந்தது என்று நினைக்கும் மேலாளர்கள் இந்த ஒரு பத்தியை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். சாவியைக் கொடுப்பதற்கு முந்தைய ஆறு மாதம் கான்கிரீட்டைவிடக் கடினமானது.

தேதி என்றதும் டில்லி மெட்ரோ நினைவுக்கு வரும். 1997 முதல் 2011 முடியும்வரை அதை நடத்தியவரும் ஸ்ரீதரன்தான். தள அலுவலகங்களில் இன்னும் எத்தனை நாள் மிச்சம் என்று காட்டும் எண் பலகைகளை மாட்டிவைத்தார். 1998 அக்டோபரில் வேலை தொடங்கியது. 2002 டிசம்பரில் ஷாதராவிலிருந்து தீஸ் ஹசாரி வரை ரயில் ஓடியது. 65 கிலோமீட்டர் நீளமுள்ள முதல் கட்டம் 2005லேயே, குறித்த காலத்துக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டு முன்னதாக, முடிந்தது. அந்தப் பலகையை இன்று எல்லாரும் வாங்கி மாட்டுகிறார்கள். கடையில் கிடைக்கிறது. அதோடு சேர்ந்து வந்ததுதான் கிடைப்பதில்லை: பொறுப்பேற்கும்போதே, ஆட்களைத் தேர்ந்தெடுப்பதில் அரசியல் தலையீடு இருக்கக் கூடாது என்று அவர் கேட்டு வாங்கிய அதிகாரம். முடிவெடுக்கும் அதிகாரம் இல்லாதவரிடம் யார்தான் கெட்ட செய்தியைக் கொண்டுபோவார்கள்? சொல்லி என்ன ஆகப்போகிறது? புதிய பணியில் சேரும்போது சம்பளத்தைப் பேசுவதற்கு முன், யாரிடமும் கேட்காமல் எவ்வளவு தொகைக்கு நீங்கள் கையெழுத்துப் போடலாம் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

அதே டில்லியில் 2009 ஜூலை 12 அதிகாலை, கட்டிக்கொண்டிருந்த பாலத்தின் ஒரு பகுதி இடிந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். இடிபாட்டை அகற்றப்போன கிரேன்கள் மறுநாள் சரிந்தன. ஸ்ரீதரன் தார்மிகப் பொறுப்பேற்று அன்றே விலகல் கடிதம் கொடுத்தார். டில்லி முதல்வர் அதை ஏற்கவில்லை, அவர் பணியில் தொடர்ந்தார். இடிந்த அந்த 67ஆம் தூணின் தலைப்பகுதியில் விரிசல் முன்பே கண்ணில் பட்டிருந்தது. இதைச் சொல்லாமல் டில்லி மெட்ரோவைப் புகழ்வது அரைகுறைப் பாடம். செய்தி வேகமாக வருவது முதல் பாதி. வந்த செய்தி எவ்வளவு கெட்டது என்று எடைபோடுவது இரண்டாம் பாதி. உலகம் மெச்சிய அமைப்பிலும் அந்த இரண்டாம் பாதி ஒரு நாள் தவறியது. கட்டமைப்பில் விரிசல் என்று வந்தால், அதை வடிவமைத்தவரிடமே கேட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். அந்த வடிவமைப்போடு சம்பந்தமே இல்லாத இன்னொரு பொறியாளரை அழைத்துக் கணக்கை முதலிலிருந்து போடச் சொல்லுங்கள். அவர் சொல்லும்வரை அந்தத் தூணுக்குப் புதிய பாரம் கிடையாது, கீழே ஆள் நடமாட்டமும் கிடையாது.

இனி, ஒருவர் வந்து உங்கள் அறைக் கதவருகே தயங்கி நிற்கிறார் என்று வையுங்கள். முகத்தைப் பார்த்தாலே தெரியும். அடுத்த ஐந்து நிமிடம், வரப்போகும் இரண்டு வருடங்களுக்கு உங்கள் தளத்தில் செய்தி எப்படி நடக்கும் என்பதை முடிவு செய்யும். உட்காரச் சொல்லுங்கள். "ஏன் இப்படி ஆச்சு?" என்று தொடங்காதீர்கள், அது குற்றவாளியைத் தேடும் கேள்வி, அதற்குப் பதில் தயாராக வைத்திருப்பார். "யாருக்காவது அடிபட்டுச்சா? இப்ப எது நின்னுபோச்சு? இன்னும் எங்கெல்லாம் இதே மாதிரி இருக்கலாம்?" என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். என் கியூப் விஷயத்தில் அதைக் கேட்டிருந்தால், அந்த மழை வாரத்தில் போட்ட எல்லாக் கான்கிரீட்டையும் அன்றே திரும்பிப் பார்த்திருப்போம். பிறகு அவர் கண்ணெதிரேயே ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள்: ஒரு போன், ஒரு கையெழுத்து, வேலை நிறுத்த உத்தரவு. சொன்னால் ஏதோ நடக்கிறது என்று தளத்துக்குத் தெரிய வேண்டும். திட்டுவதை, திட்டத்தான் வேண்டும் என்றால், ஒரு வாரம் தள்ளிப் போடுங்கள். தள்ளிப்போட்ட திட்டு பெரும்பாலும் தேவைப்படாமல் போகும்.

இப்படி இருந்தால் ஒரு தொல்லையும் வரும். எல்லாரும் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வருவார்கள். தண்ணீர் கேன் வரவில்லை என்பதும் உங்களிடம் வரும். இதற்கு நான் வைத்த எல்லை: உயிர், கட்டமைப்பின் வலிமை, அடுத்தவர் வேலையை நிறுத்தும் விஷயம், ஒரு வாரத்துக்கு மேல் தாமதம் என்றால் நள்ளிரவிலும் போன் செய்யலாம். மற்றவை சனிக்கிழமைக் கூட்டத்துக்கு. முதல் மாதம் தவறாகப் போன் செய்தவர்களிடமும் நன்றி சொன்னேன். ஒருமுறை இரவு இரண்டு மணிக்கு எழுப்பி, கேன்டீன் சமையல்காரர் கோபித்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார் என்றார்கள். அதற்கும் நன்றி சொன்னேன், பல்லைக் கடித்துக்கொண்டு. யோசித்துப் பார்த்தால், 400 பேருக்குக் காலையில் சாப்பாடு இல்லை என்பது சின்ன செய்தியும் இல்லை.

மேலே சொல்ல வேண்டிய கடமையும் உங்களுக்கு உண்டு. உரிமையாளரிடம் தாமதத்தைச் சொல்ல நாம் எல்லாருமே தயங்குகிறோம். அடுத்த மாதம் பிடித்துவிடலாம் என்று நினைக்கிறோம். நான் கியூபுக்காகக் குலதெய்வத்தை வேண்டியதும் இதுவும் ஒன்றுதான். இங்கே ஒப்பந்தமே கழுத்தைப் பிடிக்கும். பன்னாட்டுப் பணிகளில் பரவலாக வழங்கும் ஃபிடிக் ஒப்பந்தத்தின் 1999 வடிவத்தில், கூடுதல் காலமோ பணமோ கேட்க வேண்டிய நிகழ்வு தெரிந்த 28 நாளுக்குள் ஒப்பந்தக்காரர் எழுத்தில் அறிவிக்க வேண்டும். தவறினால் உரிமை போய்விடும். செய்தி உங்களிடம் வரவே 21 நாள் ஆகும் தளத்தில், யோசிக்க மிச்சம் ஏழு நாள். உங்கள் பணியின் ஒப்பந்தத்தில் அந்தக் கெடு எத்தனை நாள் என்று இன்றே பார்த்து, அறைச் சுவரில் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: என்ன நடந்தது, எந்தத் தேதியில் தெரிந்தது, எந்த வேலையைத் தொடுகிறது, அடுத்த கணக்கு எப்போது தருவீர்கள். மன்னிப்பும் வேண்டாம், சண்டையும் வேண்டாம்.

இந்த அத்தியாயத்துக்கான பயிற்சி அரை மணி நேர வேலை. உங்கள் தளத்தில் கடந்த ஆறு மாதத்தில் வந்த பெரிய சங்கடங்கள் ஐந்தை எடுங்கள். ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: நடந்த நாள், முதலில் பார்த்தவர், உங்களுக்குத் தெரிந்த நாள், நடுவில் யார் யார் கைகளில் இருந்தது. தேதிகளை நினைவிலிருந்து எழுத வேண்டாம். டெய்லி ரிப்போர்ட், கியூப் பதிவேடு, வாட்ஸ்அப் படங்கள் எல்லாம் இருக்கின்றன, தேடி எழுதுங்கள்.

நான் மேலாளராகி முதன்முதலாக இந்தத் தாளைப் போட்டபோது, என் தளத்தின் நாட்கள் 9, 34, 3, 16, 12 என்று வந்தன. நான் கத்துபவன் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். 34 நாள் எடுத்தது ஒரு பழைய கழிவுநீர்க் குழாய். எந்த டிராயிங்கிலும் இல்லாமல் எங்கள் அஸ்திவாரத்தின் குறுக்கே போனது. அதை முதலில் பார்த்தவர் ஜே.சி.பி. ஓட்டுநர். போய் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். அன்றைக்கே மேஸ்திரியிடம் சொன்னாராம். மேஸ்திரி, மண்ணை மூடிவிட்டுப் பக்கத்தில் தோண்டச் சொன்னாராம். "நீங்க அந்தப் பக்கம் ரெண்டு தடவை வந்தீங்க சார். பத்துப் பேரோட வந்தீங்க" என்றார்.